ஒரு மணி ஐம்பது நிமிடம்

அன்புத் தங்கச்சிக்கு,

என் டிக்கெட் கவுண்டரில் இன்று ஒரு பெரியவர், உன் ஊருக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். "நேரா போற விமானம் ஐயா, ஒரு மணி ஐம்பது நிமிஷம்" என்றேன்.

உன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மா இதையே போனில் கேட்டபோது, "ரெண்டு விமானம் மாறணும்மா, முழுசா ஒரு நாள் ஆயிடும்" என்று சொன்னவன் நான். "அப்ப அலையாதடா, உடம்பு என்னத்துக்கு ஆகும்" என்றாள்.

அம்மா போய்விட்டாள் என்று காலை எட்டு மணிக்குச் சொன்னாய். மதியம் ஒரு மணிக்கு உன் வாசலில் நின்றேன். நீ கடிகாரத்தைப் பார்த்தாய், பிறகு என்னை.

"எப்படிடா அதுக்குள்ள வந்த?" என்றார் சித்தப்பா. நீதான் பதில் சொன்னாய்: "அண்ணன் நேத்தே கிளம்பிட்டாரு சித்தப்பா."

நீ என்னைத் திட்டியிருக்கலாம்.

இப்படிக்கு,
நேற்றே கிளம்பாத அண்ணன்