மெதுவாகப் போட்ட ஊசி

மெட்ராஸ்,
14.8.1982

அன்புள்ள நைனாவுக்கு, ரேணுகா வணங்கி எழுதறது. நான் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? நீங்க இன்னும் சொத்தைப் பல்லுல கிராம்பை அடக்கிகினுதான் தறியில உக்கார்றீங்களா?

இங்க ஒரு சின்ன விஷயம், பயப்படாதீங்க. பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னால மரத்துப்போக ஊசி போடுவாங்க இல்ல, அதை மாணவருங்க நாங்க முதல்ல ஒருத்தருக்கொருத்தர் போட்டுப் பழகணும். எனக்குப் போட்டவன் ஒரே அழுத்தா அழுத்திட்டான். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. என் கையால யாரும் இப்படித் துடிக்கக் கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

போன வாரம் ஒரு கீரைக்காரம்மா பல்லைப் பிடுங்க வந்தாங்க. மருந்துக் குப்பியை உள்ளங்கையில வெச்சு வெதுவெதுப்பாக்கினேன். கன்னத்தை இழுத்துப் பிடிச்சு, அறுந்த பட்டு இழையை நீங்க பிணைக்கற நிதானத்துல மருந்தை இறக்கினேன். ஊசியை எடுத்தப்புறம், "இன்னும் போடலயா கண்ணு?"ன்னு கேட்டாங்க.

அதுக்குள்ள எங்க சார், "வெளியில கும்பல் நிக்குது, நீ தாலாட்டு பாடறியா?"ன்னு கத்தினார். "வலிக்காம போட நேரமாகும் சார். இனிமேயும் இப்படித்தான் போடுவேன்"னு சொல்லிட்டேன். மன்னிப்பு எழுதிக் குடுக்கற வரைக்கும் நோயாளியைத் தொடக் கூடாதாம்.

எழுத மாட்டேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தா பருப்புப்பொடி குடுத்தனுப்புங்க. சாருக்குப் பயந்துகினு இப்ப என் பக்கத்துல யாரும் சாப்பிட உக்கார்றதில்ல, சோறு இறங்க மாட்டேங்குது. ஆரணியில எவரையும் உங்க பல்லைப் பிடுங்க விடாதீங்க. நான்தான் ஊசி போடுவேன்.

மன்னிப்பு எழுதச் சொல்லி சார் குடுத்த தாள்லதான் இதை எழுதிகினு இருக்கேன். இடம் தீந்துபோச்சு.

உங்க மகள்,
ரேணுகா