ஆட்டுக்குத் துணை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

பெண் கேட்டு வந்தவர்களிடம், நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாக மழுப்பினாயாமே? அண்ணன் சொன்னான். எதற்கு அந்தப் பொய்? புது மாதிரி இதய வால்வுகளை மனிதருக்கு வைக்கும் முன் ஆட்டுக்கு வைத்துப் பார்க்கும் ஆராய்ச்சிக்கூடம் இது. ஆபரேஷன் முடிந்த ஆடுகளைக் கவனிப்பது என் வேலை.

போன வாரம் ஒரு ஆடு தீனியைத் தொடவே இல்லை. தனியாக விட்டால் ஆடு தின்னாது. கண்ணெதிரே இன்னொரு ஆடு நிற்க வேண்டும். கூண்டைக் கழுவியவர்கள் துணை ஆட்டை வேறு அறையில் விட்டுவிட்டார்கள். அது வரும்வரை நானே உள்ளே உட்கார்ந்து என் சாப்பாட்டைப் பிரித்தேன்.

"என்னம்மா, ஆட்டோட பந்தியா?" என்று டாக்டர் சிரித்தார்.

"ஆமா சார், உங்களுக்கும் ஒரு இலை போடவா?" என்றேன்.

ஆடு தின்றது. தின்ற கையோடு என் காலையும் மிதித்தது. லேசான வீக்கம்தான், பதறாதே.

நீங்கள் சாப்பிட உட்காரும்போது எனக்கு போன் போட்டுப் பக்கத்தில் வை. பேசக்கூட வேண்டாம், தட்டுச் சத்தம் கேட்டால் போதும்.

மாப்பிள்ளையின் அம்மா மறுபடி வந்தால் உள்ளதைச் சொல். முகம் சுளித்தால் அப்பா பக்கத்தில் உட்கார வை. அவர் நெஞ்சில் வைத்த வால்வு டிக் டிக்கென்று அடிக்கிறதே, அந்தச் சத்தம் முதலில் கேட்டது ஒரு ஆட்டின் நெஞ்சில்தான் என்று சொல்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

இப்படிக்கு,
ஆடு மேய்க்கும் உன் மகள்