அட்டையில் இல்லாத செல்வமலர்

என் அன்பு மலர் மச்சாளுக்கு,

நீங்கள் போன முப்பத்தோராம் நாள் கிரியை போன ஞாயிறு இங்கே ஜெர்மனியில், வுப்பர்டாலில் நடந்தது. என் அண்ணை அச்சடித்துக் கொடுத்த நினைவுப் புத்தகத்தில் நீங்கள் நல்ல மனைவி, விருந்தோம்பலில் குறை வைக்காதவர். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "கணவர் கண்டெடுத்த தொல்மீனின் தாடை அருங்காட்சியகத்தில் உள்ளது." நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

கணவர் கண்டெடுத்ததா?

சுண்ணாம்புக் கல் உடைக்கும் இடத்தில் அலுவலகம் துப்புரவாக்கியது நீங்கள். சனிக்கிழமைகளில் அங்கே வெட்டிய பாறைப் படிகளில் ஏறி, கல்லாகிக் கிடந்த அந்தத் தாடையைக் கண்டெடுத்ததும் நீங்கள். பெண்களுக்கு இங்கே இடமில்லை என்று மேற்பார்வையாளர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை தும்புத்தடியோடு, கூட்ட வந்தவள் போலப் போனீர்கள். ஒருவரும் மறிக்கவில்லை.

நம் சனம் மட்டும் என்ன? கோயிலில் வைத்தே கேட்டார்கள்.

"மலரக்கா, அரிசியில கல்லுப் பொறுக்கிறது காணாதெண்டே அங்க போறியள்?"

"அரிசியில மீன் கிடைக்காதே," என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை. "என்ர மானத்தை வாங்காதையும்," என்றார், வீட்டுக்கு வந்ததும்.

தாடையைக் கொடுக்க மூவரும் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கிருந்த நிபுணர் ஒவ்வொரு கேள்வியையும் அண்ணையைப் பார்த்தே கேட்டார். எந்தப் பாறை அடுக்கில் கிடந்தது? அண்ணை கூரையைப் பார்த்தார். நீங்கள் சொன்னீர்கள், நான் ஜெர்மனில் சொன்னேன், அவர் அண்ணைக்குத் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

படிவத்தை நிரப்பியது நான். அப்போது பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. இந்த நாட்டுப் பத்திரங்களில் அண்ணையின் பெயர்தான் உங்கள் குடும்பப் பெயர். பெயரை எழுத்தாகக் குறுக்கும் நம் ஊர்ப் பழக்கத்தில், செல்வமலர் என்பதன் முதலெழுத்தை மட்டும் போட்டு, 'எஸ். சிவபாதம்' என்று எழுதினேன். கண்ணாடிப் பெட்டியின் அட்டையில் 'திரு. சிவபாதம்' என்று வந்தது.

திருத்தச் சொல்வோம் என்றேன். "வேண்டாம் பிள்ளை. அவற்ர பேர் கிடக்குமட்டும்தான் என்னைக் கல்லுத் தேடப் போக விடுவார்," என்றீர்கள். அதையும் நான் ஏன் கேட்டுக்கொண்டேன்?

இப்போது அருங்காட்சியகத்தைக் கேட்டால், அட்டையில் இருப்பவர் கையெழுத்து வைத்தால் உடனே மாற்றலாம் என்கிறார்கள். அண்ணையிடம் போனேன்.

"மனிசின்ர பேரும் என்ர பேரும் ஒண்டுதானே. செத்தவளுக்கு இனி என்னத்துக்கு?"

"அப்ப எந்த அடுக்கில எடுத்தனீங்கள், அண்ணை?"

தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

இந்தக் கடிதம் பத்திரிகையில் வரும். அவர் வாசிப்பார். வாசிக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை எனக்கு அருங்காட்சியகத்தில் டெர்மின், நேரம் குறித்துத் தந்திருக்கிறார்கள். தாடையை நீங்கள் சுற்றிக் கொண்டுவந்த தமிழ்ப் பேப்பர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதன் ஓரத்தில் உங்கள் கையெழுத்து: "மூன்றாம் படி, கறுப்புக் கோட்டுக்குக் கீழே." அதைக் கொண்டுபோகிறேன். அண்ணையின் கையெழுத்து எனக்கு வேண்டாம். படிவத்தைப் பிழையாக நிரப்பியவள் நான் என்று என் கையெழுத்தை வைப்பேன். அது போதாது என்றால் அடுத்த டெர்மின் எடுப்பேன்.

செல்வமலர் என்ற முழுப்பெயர் அந்த அட்டையில் ஏறும்வரை அண்ணையின் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன், மச்சாள்.

உங்கள் பெயரை ஓர் எழுத்தாகக் குறுக்கிய,
உங்கள் கணவரின் தங்கை