படுக்கைக்கு மேலே டெஸ்ஸின் மீசை

அன்பு மகள் பிரான்வினுக்கு,

இங்கே நானும் அம்மாவும் எலும்பு எதுவும் முறியாமல் நலமாக இருக்கிறோம், அபர்டீன் குளிரில் நீயும் மூக்கு ஒழுகாமல் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறாள், விஷயமோ அவளைப் பற்றியது.

இங்கே பெண்டிகோ ஊரில் குளிர் ஆரம்பித்துவிட்டது. கூரைமேல் இருக்கும் ஏர்கூலரை நிறுத்தியாயிற்று, ஆனால் அதன் காற்று இறங்க சீலிங்கில் அறைக்கு ஒன்றாக இருக்கும் துவாரங்களை அடைக்காவிட்டால் ஹீட்டரின் சூடெல்லாம் அவற்றின் வழியாக மேலே போய்விடும், குளிர் நேராக என் வழுக்கையில் இறங்கும். வருஷா வருஷம் நான்தான் ஏணி போட்டு அடைப்பேன். போன வருஷம் ஏணியிலிருந்து சோபாவில் விழுந்து, சோபாவிலிருந்து தரையில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டதும், இனி ஏணியில் கால் வைக்க மாட்டேன் என்று நீ அழுதுகொண்டே என்னிடம் சத்தியம் வாங்கினாய். அதை நான் காப்பாற்றினேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். குல்லா போட்டுக்கொண்டு சாப்பிட்டேன், குல்லாவோடே தூங்கினேன். பிறகு மூடிகள் செய்தேன். பக்கத்து வீட்டு டெஸ் நகராட்சித் தேர்தலில் நின்று மண்ணைக் கவ்வினான் இல்லையா, அவன் முகம் அச்சடித்த பிளாஸ்டிக் பலகைகள் அவன் கராஜ் நிறைய மிஞ்சிக் கிடந்தன, கேட்டதும் அள்ளிக் கொடுத்தான். துவாரத்தின் அளவுக்கு அவற்றை வெட்டினேன். வெள்ளைப் பக்கம் நம்மைப் பார்க்க வேண்டும், டெஸ் மூஞ்சி கூரையைப் பார்க்க வேண்டும், இதுதான் என் திட்டம். ஒரு மூடியின் ஓரத்தில் பழைய டேப்பை ஒட்டி, துடைப்பக்கட்டை நுனியில் வைத்து, தரையில் நின்றபடியே மேலே அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு அது அம்மாவின் பூசணி சூப்பில் வந்து விழுந்தது. அம்மா திட்டவில்லை, மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு ஏணி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் நல்ல டேப் வாங்கக் கடைக்குப் போனேன், வாசலில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள், அதையும் ஒரு கை பார்த்துவிட்டு வீடு திரும்பினால், ஹாலில் ஏணி, அதன் உச்சிப் படியில் ஆட்டுத்தோல் செருப்பு போட்ட உன் அம்மாவின் இரண்டு கால்கள். நோலீன், என்ன பண்ற, கீழ எறங்கு என்றேன். சத்தியம் பண்ணிக் குடுத்தது நீ, கிளைவ், எங்கிட்ட யாரும் கேக்கல, பேசாம ஏணியப் புடி என்றாள். பிடித்தேன். வேறென்ன செய்ய. அடைத்துவிட்டு இறங்கினாலும் பரவாயில்லை, துவாரங்களில் காற்றைத் திருப்பிவிடும் தகடுகளை எல்லாம் முதலில் தன் நாற்காலிப் பக்கமாகத் திருப்பினாள், அடுத்த கோடையில் காற்று அவளுக்கு மட்டும் வரவேண்டுமாம். அவள் எட்டும்போதெல்லாம் ஏணி கிறீச்சிட்டது, எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கீழே நின்று பார்ப்பவர் பாடு எனக்கு இதுவரை தெரியாது, பிரான். நீ போனில் ஏன் அப்படி அழுதாய் என்று இப்போது புரிகிறது.

வேலை சுத்தம், அதைச் சொல்லத்தான் வேண்டும், துளிக் குளிர் இறங்கவில்லை. ஆனால் எல்லா மூடியையும் டெஸ் மூஞ்சி கீழே தெரியும்படி ஒட்டிவிட்டாள். படுக்கைக்கு மேலே அவன் மீசையும் பாதி மூக்கும், குளியலறையில் ஒற்றைக் கண், கழிப்பறையில் ‘உங்கள் குரல் எனக்குக் கேட்கும்’ என்ற அவனுடைய தேர்தல் வாக்குறுதி. சனிக்கிழமை சாப்பிட வந்த டெஸ், தன் தாடைக்கு நேர் கீழே உட்கார்ந்து, எலெக்‌ஷன்ல கூட எனக்கு இப்படி ஒரு எடம் கெடைக்கல என்று கண் கலங்கினான். திருப்பி ஒட்டணுமா, சொல்லு, அஞ்சே நிமிஷம் என்று அம்மா ஏணியில் கை வைத்தாள். வேண்டவே வேண்டாம், அழகாக இருக்கிறது என்று கூசாமல் பொய் சொன்னேன். குளிர்காலம் முழுக்க டெஸ் மீசைக்குக் கீழே தூங்கிவிடுவேன், அவள் உச்சிப் படியில் நிற்பதை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது.

இப்போது அவள் ஜன்னலோரம் டீயும் கையுமாக நின்று, கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் தகரத்தில் அடைத்துக் கிடக்கும் இலைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே கடிதம் கண்டதும் போன் செய்து, என்னிடம் வாங்கிய அதே சத்தியத்தை அவளிடமும் வாங்கிவிடு, இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் நல்லது. நான் சொன்னேன் என்று மூச்சு விடாதே. காதை மூடிக்கொண்டு வெளியே போ, பொரித்த மீனையே தின்னாமல் காய்கறியும் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நன்றாக இரு மகளே, எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. கடிதம் உன் கைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும் என்கிறார்கள். போன தடவை நான் கடைக்குப் போனபோது நடந்ததே போதும், அதனால் ஏணியைக் கார் மேல் கட்டிக்கொண்டுதான் இதைத் தபாலில் போடப் போகிறேன். நீ போன் செய்யும் வரை நான் எங்கே போனாலும் அதுவும் கூடவே வரும்.

ஏணியும் கையுமாக,
உன் அப்பா கிளைவ்