பூங்கா கேட்டின் கிறீச்சைத் திருப்பித் தருக

அனுப்புநர்:
பூங்காவுக்கு எதிர்மாடியில் குடியிருக்கும், ஓய்வு பெற்றும் ஓயாத கணக்கு வாத்தியார்

பெறுநர்:
பூங்காக்கள் பராமரிப்பு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்

பொருள்: பழுது நீக்கிய கேட்டை மீண்டும் பழுதாக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் ஒரு வரிகூட நம்பப்போவதில்லை என்ற உறுதிமொழியுடன் இக்கதையைத் தொடங்குகிறேன்.

1. மேற்படி பூங்காவின் இரும்பு கேட், தங்கள் ஊழியர் எண்ணெய் விடும்வரை, உலகிலேயே உரக்கக் கத்தும் கேட்டாகப் பணியாற்றி வந்தது. அதன் கிறீச்சுக்குத் துறைமுகத்துக் கப்பல்கள் பதில் ஊதியதுண்டு. என் தங்கை அங்கே ஒருவரைச் சந்தித்து வந்ததை ஊருக்கு அறிவித்ததும் அதுவே. வேறு வழியின்றிக் கல்யாணம் செய்துவைத்தோம்.

2. அந்த ஒருவர், என் மாப்பிள்ளை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். யானைக் கூட்டத்தின் எடையுள்ள பெட்டியை, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் லாரியில் இறக்குவார். அந்த உயரத்திலிருந்தே என் வழுக்கையில் மிச்சமிருந்த முடிகளை எண்ணிச் சொல்வார்.

3. ஐம்பத்து நான்கு வயதிலேயே அவருக்கு மறதிநோயின் ஒரு வகை. கண்ணில் குறையில்லை; கண் அனுப்புவதைக் கோத்துப் படமாக்கும் மூளையின் பின்பகுதி தேய்கிறது என்கிறார் டாக்டர். எதிரே இருக்கும் டம்ளரை மேசையெல்லாம் தடவித் தேடுகிறார். ஞாபகத்துக்கோ வாய்க்கோ இதுவரை சேதாரமில்லை. கல்யாணத்தன்று நான் அளந்த கதைகளை இன்றும் வரி பிசகாமல் சொல்லி மானத்தை வாங்குகிறார்.

4. ஆயினும் மாலையில் தனியாகவே பூங்காவுக்கு நடப்பார். பேக்கரி வாசனை வந்ததும் தெருமுனையில் திரும்புவார். யாராவது நுழையக் கேட் கத்தும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். அந்த நடை ஒன்றுதான் அவர் இன்னும் தானே ஓட்டிவந்த வண்டி.

5. சென்ற வாரம் எண்ணெய் விட்டார்கள். மறுநாளிலிருந்து மாப்பிள்ளை வாசற்படி இறங்கவில்லை. தங்கை கூட வருகிறேன் என்றால், "நான் என்ன பார்சலா?" என்கிறார்.

ஆகவே, எண்ணெயைத் துடைத்து, துரு ஏறும்வரை அங்கே ஒரு மணியாவது கட்டித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். துருவுக்கு வேண்டிய மழையை நான் ஏற்பாடு செய்கிறேன்.

கப்பலும் யானையும் என் கைச்சரக்கு, தள்ளிவிடுங்கள். நிஜம் சின்னது. எண்ணெய் விட்ட அன்று மாலை, ஆட்கள் சத்தமில்லாமல் போய்வந்துகொண்டிருந்த கேட்டுக்கு ஒரு கை தூரத்தில் நின்றபடி, மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "மச்சான், கேட்டை எடுத்துட்டாங்களா?"

இடம்: எதிர்மாடி ஜன்னல்
நாள்: எண்ணெய் விட்ட மறுவாரம், வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
மேற்படி மச்சான்