பம்பாய் ஆர்டர்

8 மார்ச் 1932, செவ்வாய்

ஜப்பான் பட்டு மலிவாக வந்து இறங்கியதிலிருந்து, நான் நடத்தும் பட்டு ஆலையில் பட்டுக்கூடு வேகவைக்கும் அடுப்புகளில் பாதி அணைந்து கிடக்கின்றன. மிச்சமிருக்கும் பெண்களும் போய்விடக் கூடாதே என்று, "பம்பாயிலிருந்து பெரிய ஆர்டர் வருது, யாரும் வேலையை விடாதீங்க" என்று போன வாரம் சொன்னேன். அப்படி ஒரு கடிதமும் வரவில்லை.

இன்று அடுப்பு வேலை செய்யும் கொள்ளேகால் மாராயி சிரித்துக்கொண்டே வந்தாள். "பெங்களூரு மில்லுல கூப்பிட்டாங்க. நீங்க சொன்னதால வரலீன்னுட்டனுங்க."

"அந்த இடம் இன்னும் காலியா?" என்று கேட்டேன்.

"வேற ஆளு வெச்சுட்டாங்க. போகட்டுங்க, நமக்குத்தான் ஆர்டர் வருதே."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எல்லோர் முன்னாலும் அவளைப் புகழ்ந்தேன். மாலையில் இன்னும் இரண்டு பெண்கள் வந்து, தாங்களும் வேறு வேலை தேடுவதை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். நல்லது என்றேன்.