மடித்து வந்த தாள்

ஜனவரி 31, சனி. ஓசூர்

காலையில் பனி. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. ஸ்வெட்டரைத் தேடியதில் பஸ் போயிற்று.

சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பயிற்சிக்கூடம். மாணவியர் தலைமைப் பண்பு மாநாடு, இரண்டு நாள். அரசுப் பள்ளி பிளஸ் டூ பெண்கள் நாற்பது பேர். வழிகாட்டிகள் எட்டுப் பெண்கள், ஆளுக்கு ஐந்து பேர். டாக்டர், வக்கீல் எல்லாம் பிடித்தாகிவிட்டது. நிருபர் இடம் காலியாக இருந்திருக்கும், என்னைக் கூப்பிட்டார்கள்.

வாசலில் நாற்பது ஜோடி செருப்பு. யாரும் கழற்றச் சொல்லவில்லை. உள்ளே கம்பளத்தைப் பார்த்து அவர்களாகவே கழற்றியது. நாங்கள் எட்டுப் பேரும் செருப்போடு போனோம். ஏ.சி. குளிரில் வெறுங்காலோடு உட்கார்ந்து தலைமைப் பண்பு.

என் ஐந்து பேரும் தேன்கனிக்கோட்டைப் பக்கம், ஒரே பள்ளி. தங்களுக்குள் தெலுங்கு. "இந்தம்மா டீச்சரா, போலீசா?" "பேப்பர்ல எழுதறவங்களாம். பாத்துப் பேசு." எனக்குத் தெலுங்கு தெரியும் என்று தெலுங்கிலேயே சொன்னேன். ஐந்து தலையும் மேசைக்கடியில்.

மதியம் 'கனவு மரம்'. காகித இலையில் கனவை எழுதி ஒட்ட வேண்டும். நாகவேணி என்கிற பெண் எழுதியது: பர்கூர் இன்ஜினியரிங் காலேஜ், எலக்ட்ரிக்கல். ஏன் எலக்ட்ரிக்கல் என்று கேட்டேன்.

"எங்க தக்காளிக் காட்டுக்கு சோலார் வேலி போட்டாங்கோ மேடம். பேட்டரி போயிடுச்சுன்னா அது வெறும் துணி காயப்போடற கம்பி. நம்ம கண்டுபிடிக்கறதுக்குள்ள யானை கண்டுபிடிச்சிடுது."

இரண்டு நாளில் கேட்கப்போகும் ஒரே உருப்படியான பேச்சு அதுதான் என்று அப்போதே தோன்றியது. கம்பெனி அதிகாரி ஷோபனா அந்த இலையை வாங்கிப் பார்த்தார். "சூப்பர்! ஆனா பிராக்டிகலா யோசிக்கணும் செல்லம்." மரத்தின் கடைசி ஓரத்தில் ஒட்டினார். நடுக்கிளையில் 'சூப்பர்வைசர்', 'டீம் லீடர்'.

பிப்ரவரி 1, ஞாயிறு

பனி. இருமல்.

மேடையில் வழிகாட்டிகளில் ஒருவரான மேனேஜர் அம்மா: "நானும் கீழ இருந்துதான் வந்தேன்." எந்தக் கீழ்? நான் கேட்கவில்லை. எங்கள் எட்டுப் பேரில் ஒருவரும் ஒரு நாள்கூட கம்பெனி உற்பத்தி லைனில் நின்று வேலை பார்த்ததில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்: "ஸ்வெட்டர் போட்டவங்கதாண்டி லீடரு." சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

11.15, டீ. ஆறிய வடை. ஷோபனாவின் உதவியாளர் தாள்களோடு வந்தார். "மேடம், இங்க ஒரு சைன்." மேல்பாதி பின்பக்கம் மடித்து, கோடு மட்டும் தெரியும்படி. ஐந்து தாள். போட்டேன்.

பிரஸ் மீட்டில் வருகைத் தாள் சுற்றி வரும். பெயர், பத்திரிகை, கையெழுத்து. தலையை நிமிர்த்த வேண்டியதில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம், கை தானாகப் போட்டது. இல்லை. நான் போட்டேன்.

4.30. பள்ளி வேன் அருகில் நாகவேணி. "மேடம், ஒரிஜினல் டி.சி. கம்பெனிகிட்ட இருந்தா கவுன்சிலிங் எப்பிடிப் போறது?"

"யார் சொன்னது அப்படி?"

"நீங்க சைன் போட்டதுல இருந்துதே."

"நீயும் போட்டியா?"

"போட்டேன். நீங்க போட்டிருந்தீங்க. படிச்சுட்டுதானே போட்டிருப்பீங்க."

உள்ளே போய் ஒரு தாளைக் கேட்டு வாங்கி விரித்தேன். எல்லாம் இங்கிலீஷ். பரீட்சை முடிந்ததும் கம்பெனியில் பயிற்சி, ஹாஸ்டல். மார்க் ஷீட், டி.சி. ஒரிஜினல்களைப் பள்ளியே கம்பெனியிடம் நேரடியாகக் கொடுக்கலாம். மூன்று வருடம் கழித்துத் திரும்பக் கிடைக்கும். கடைசியில்: 'மேற்கண்டதை மாணவிக்கும் பெற்றோருக்கும் விளக்கிச் சொன்னேன். வழிகாட்டி.' கீழே என் கையெழுத்து. அழகாக.

ஷோபனா: "அது வெறும் விருப்பப் படிவம் மேடம். யாரையும் ஃபோர்ஸ் பண்ணலையே."

"மடிச்சு ஏன் குடுத்தீங்க?"

"எல்லா மேடமும் போட்டாங்க. யாரும் விரிச்சுப் பாக்கலையே." தாளை என் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார். "காலையில பேரண்ட்ஸ் சைனுக்கு வேன் போகுது."

நினைவுப் பரிசாக ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள். அதை அங்கேயே வைத்துவிட்டு வந்ததைத் தவிர இன்று நான் சரியாகச் செய்தது எதுவும் இல்லை.

2, திங்கள்

5.40 பஸ். தேன்கனிக்கோட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ, பிறகு நடை. வேன் முந்திக்கொண்டது.

நாகவேணியின் அப்பா முனிராஜ் தக்காளி கிரேட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டாயிற்று.

"பேப்பர்காரம்மாவே எடுத்துச் சொல்லிட்டாங்கோன்னு உங்க சைனைக் காட்டுனாங்கோ. சரின்னு போட்டேன்."

"நான் படிக்காம போட்டுட்டேங்க."

கிரேட்டை இறக்கி வைத்தார். "எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. படிச்ச ஆளு யாரு போட்டிருக்காங்கோன்னு பாத்துப் போட்டேன். உங்களுக்கு என்னா மேடம் வந்துது?"

எத்தனை அதிகாரிகளை இதே கேள்வியால் நிற்க வைத்திருக்கிறேன்.

தாளில் இருந்ததை வரிவரியாகத் தெலுங்கில் சொன்னேன். கேட்டு முடித்து: "காலேஜு கெடைக்கலன்னா வேலைக்குப் போவட்டும், நான் வேணாங்கல. சர்டிபிகேட்டு எதுக்கு அவங்ககிட்ட?"

நாளை பள்ளிக்கு வருகிறாராம். மார்க்கெட்டுக்குப் போகும் வண்டியில் மச்சானை அனுப்பிவிட்டு.

இதைச் செய்தியாக எழுதினால் முதல் வரியில் என் பெயர்தான் வர வேண்டும். ஆசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.

3, செவ்வாய்

வெயில். பள்ளி, 9.30. தலைமையாசிரியை மேசையில், வேனில் வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன ஐந்து தாள்களும், கிளிப் போட்டு. முனிராஜ் வந்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டை.

ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தின் மேல் குறுக்காக எழுதினேன்: 'படிக்காமல் போட்டது. யாருக்கும் விளக்கவில்லை. செல்லாது.' தேதி.

"மேடம், இது ரெக்கார்டு" என்றார் தலைமையாசிரியை.

"அதனாலதாங்க எழுதறேன்."

நாகவேணியின் தாளில் முனிராஜும் தன் பெயரை அடித்தார். ஒரு கோடு போதவில்லை அவருக்கு, மூன்று போட்டார். மற்ற நாலு பேரில் ஒருத்தி கதவருகே வந்தாள். "எனக்கு வேலை வேணும் மேடம், அடிச்சுடாதீங்க." வேலைக்குப் போ, சர்டிபிகேட்டை வீட்டில் வை என்றேன். "அப்பிடி விடுவாங்களா?" தெரியவில்லை என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நாகவேணிக்கு ப்ராக்டிகல் இருந்தது. ரெக்கார்டு நோட்டோடு ஓடும்போது என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

மீதி முப்பத்தைந்து தாள். ஏழு வழிகாட்டிகள். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே போன் போட்டேன். இருவர் எடுக்கவில்லை. மூன்றாவது அந்த மேனேஜர் அம்மா. டீ நேரத்தில் அவர் போட்ட ஐந்து கையெழுத்தையும் சேர்த்து விஷயத்தைச் சொன்னேன். முழுதும் பொறுமையாகக் கேட்டார்.

"எந்தத் தாள்?" என்றார்.